கண்புரை முற்றும்வரை காத்திருக்கலாமா? அறுவை சிகிச்சை முறைகள் ஓர் ஒப்பீடு

“புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” மூத்தோர் பலர் இன்றும் இப்படிச் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இன்று அதே காத்திருப்பு, எளிதாக முடியக்கூடிய சிகிச்சையைக் கடினமாக்கிவிடலாம்.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்கிப்போவதே கண்புரை. சொட்டு மருந்தால் அதை நீக்க முடியாது. மங்கிய லென்ஸை அகற்றி, அதைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறைக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தப்படுகிறது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதன்முதலில் பொருத்தியவர் டாக்டர் ஹேரல்ட் ரிட்லி. ஆண்டு 1949, இடம் லண்டன்.

இன்று வழக்கிலுள்ள முறைகள் முக்கியமாக மூன்று.

தையல் போடும் முறை

சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை வெட்டி, லென்ஸின் கெட்டியான நடுப்பகுதியை முழுதாக வெளியே எடுப்பார்கள். தையல் தேவை. காயம் ஆறப் பல வாரங்கள் ஆகும். தையலின் இழுப்பால் பார்வையில் கோணல் ஏற்படலாம். இப்போது அரிதாகவே செய்யப்படுகிறது.

தையலில்லாச் சிறுவெட்டு முறை

வெண்விழியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அளவில் சுரங்கம்போல் வெட்டுவார்கள். அது தானாகவே மூடிக்கொள்ளும். விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. மிகவும் முற்றிய புரையையும் எடுக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் நேப்பாளத்திலும் ஏழை நோயாளிகள் பலர் இம்முறையில் பார்வை பெற்றுள்ளனர்.

மீயொலி முறை (பேகோ)

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரவலாகச் செய்யப்படுவது இதுவே. பல் மருத்துவரின் மீயொலிக் கருவியைப் பார்த்து, அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் கெல்மன் 1967ல் இதை அறிமுகப்படுத்தினார். 2 முதல் 3 மில்லிமீட்டர் வெட்டின் வழியே புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பார்கள். மடித்த லென்ஸ் உள்ளே சென்று விரியும். பெரும்பாலும் தையல் வேண்டாம். அன்றே வீடு திரும்பலாம்.

லேசர் இதில் சில கட்டங்களுக்கு மட்டுமே உதவுகிறது. பிரிட்டனிலும் பிரான்சிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், லேசரால் பார்வை கூடுதலாக மேம்படவில்லை என்று தெரியவந்தது.

காத்திருந்தால் என்ன ஆகும்?

புரை கெட்டியாக ஆக, அதை உடைக்க அதிக மீயொலி ஆற்றல் தேவைப்படும். அதனால் கருவிழி வீங்கலாம். லென்ஸ் உறை கிழியும் அபாயமும் கூடும். உறை கிழிந்தால் லென்ஸை வழக்கமான இடத்தில் வைக்க முடியாமல் போகலாம். சிலருக்குப் பெரிய வெட்டு முறைக்கே மாற வேண்டியிருக்கும்.

எனவே, படிப்பது, வாகனம் ஓட்டுவது, படிக்கட்டு இறங்குவது போன்றவை சிரமமாகத் தொடங்கினாலே மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் இச்சிகிச்சைக்கு மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தலாம்.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: நீரிழிவு, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து, ஆண்கள் சிறுநீர்ப் பிரச்சினைக்கு உட்கொள்ளும் டாம்சுலோசின். டாம்சுலோசின் சிகிச்சையின்போது கண்பாவையைச் சூழ்ந்த படலத்தைத் தளரச் செய்யும். முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பத் தயாராவார்.

சிகிச்சைக்குப் பிறகு வலியோ சிவப்போ கூடினாலும், பார்வை குறைந்தாலும், மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.