அமெரிக்க வீட்டு மதிப்பீட்டில் இனப்பாகுபாடு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு வீட்டின் விலையை அதன் உரிமையாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. வாங்குவோருக்குக் கடன் வழங்கும் வங்கி, மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு அவ்வீட்டின் மதிப்பை எழுத்தில் பெறுகிறது. கடன் தொகை அம்மதிப்பையொட்டியே அமைகிறது. எனவே மதிப்பீடு என்பது நிலத்தையும் கட்டடத்தையும் சந்தையையும் நடுநிலையோடு அளந்தறியும் செயல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவான மதிப்பீட்டு முறை, கறுப்பினத்தவர் வட்டாரங்களில் தான் கண்டதாகக் கூறிய விலைச் சரிவைத் தானே உருவாக்கவும் துணைபுரிந்தது. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையில் நம் நோக்கமாகும்.

இனம் விலைக் காரணியாதல்

குடியிருப்புகளை இன அடிப்படையில் பிரிக்கும் நகராட்சிச் சட்டங்கள் செல்லா என 1917ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், நிலப் பத்திரங்களிலேயே இனக் கட்டுப்பாட்டு விதிகளைச் சேர்க்கும் வழக்கம் பரவலாயிற்று. சியாட்டல் நகரப் பத்திரங்கள் சிலவற்றில் யூதர், கறுப்பினத்தவர் ஆகியோருடன் 'மலாய்' இனத்தவரும் ஆசியர் அனைவரும் விலக்கப்பட்டிருந்தமை நம் கவனத்திற்குரியது. அங்கு 'மலாய்' என்னும் சொல் பெரும்பாலும் பிலிப்பினோ மக்களைச் சுட்டியது.

இதே காலத்தில் மதிப்பீடு ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. 1932ஆம் ஆண்டில் அமெரிக்க நிலச் சொத்து மதிப்பீட்டாளர் கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டு ஹோமர் ஹாய்ட் என்னும் பொருளியலறிஞர், சிக்காகோ நகரின் நூறாண்டு நில மதிப்புகளைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டார். நில மதிப்பின்மீது பல்வேறு மக்களினத்தார் கொள்ளும் தாக்கத்தை அவர் அந்நூலில் பத்துப் படிகளாக வரிசைப்படுத்தினார். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் முதற்படியில் அமைந்தனர். கறுப்பினத்தவர் ஒன்பதாம் படியிலும் மெக்சிகோ நாட்டவர் பத்தாம் படியிலும் வைக்கப்பட்டனர். இவ்வரிசை அறிவியல் நோக்கில் தவறாக இருக்கலாம் என்பதை ஹாய்ட்டே ஒப்புக்கொண்டார். இது நில மதிப்பில் வெளிப்படும் ஒரு கருத்தையோ தப்பெண்ணத்தையோ பதிவு செய்கிறது என்பதே அவர் தந்த விளக்கம். அத்தயக்கம் பின்வந்தோரிடம் நிலைக்கவில்லை. தப்பெண்ணத்தின் பதிவாக எழுதப்பட்டது தொழில் விதியாக இறுகியது.

அரசின் பங்கு

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933ஆம் ஆண்டில், வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தைக் கூட்டரசு அரசாங்கம் நிறுவியது. வீட்டை இழக்கும் நிலையிலிருந்தோர்க்கு ஏறத்தாழ பத்து இலட்சம் கடன்களை அது வழங்கியது. பின்னர் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்குக் கடன் இடர் வரைபடங்களைத் தயாரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்கள் பயன்படுத்தப்பட்டன. கறுப்பினத்தவர் வாழ்ந்த வட்டாரங்கள் பெரும்பாலும் 'ஆபத்தானவை' எனப்பட்ட சிவப்பில் அடங்கின. 'சிவப்புக் கோடிடல்' என்னும் தொடர் இவ்வரைபடங்களுடன் இணைத்தே பேசப்படுகிறது.

எனினும், இக்கழகத்தின் கடன்களில் பெரும்பாலானவை வரைபடங்கள் முடிவதற்கு முன்பே வழங்கப்பட்டுவிட்டன என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். அவர்கள் கருத்துப்படி, பெரும் தாக்கத்தை விளைவித்தது 1934ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கூட்டரசு வீடமைப்பு நிர்வாகமே. வங்கிகளின் வீட்டுக் கடன்களுக்கு அந்நிர்வாகம் காப்புறுதி அளித்தது. மதிப்பீட்டு நூலாசிரியரான பிரெடரிக் பாப்காக் அதன் காப்புறுதி விதிகளை வகுப்பதில் தலைமையேற்றார்; ஹாய்ட்டும் அங்குப் பணியாற்றினார். ஒரு வட்டாரம் நிலைபெற வேண்டுமெனில் அதே சமூக, இனப் பிரிவினரே அங்குத் தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என அந்நிர்வாகத்தின் 1938ஆம் ஆண்டுக் கையேடு அறிவுறுத்தியது. இனக் கட்டுப்பாட்டுப் பத்திரங்களையும் அது பரிந்துரைத்தது.

இவ்விதியின் விளைவை டெட்ராய்ட் நகரில் இன்றும் காணலாம். 1941ஆம் ஆண்டில் வெள்ளையருக்கென வீடுகள் கட்ட முனைந்த ஒரு மேம்பாட்டாளர், அருகிலிருந்த கறுப்பினத்தவர் குடியிருப்பைப் பிரிக்க ஏறத்தாழ அரை மைல் நீளச் சுவரை எழுப்பினார். சுவர் எழுந்தபின்னரே அவருடைய திட்டத்திற்குக் கூட்டரசின் காப்புறுதி கிட்டியது.

ஒப்பீட்டு முறையும் சுழற்சியும்

இனவெறுப்புச் சிறிதும் இல்லாத ஒரு மதிப்பீட்டாளரும் இப்பாகுபாட்டைத் தொடரச் செய்ய இயலும். அவர் ஒரு வீட்டை மதிப்பிடும்போது, அண்மையில் அதே வட்டாரத்தில் விற்கப்பட்ட சில வீடுகளோடு அதனை ஒப்பிடுகிறார். பரப்பளவு, வயது, அறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றிற்கேற்ப விலையைக் கூட்டியோ குறைத்தோ முடிவுக்கு வருகிறார். வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட வட்டாரத்தில் வாங்குவோர் குறைவர், பழுதுபார்க்கவும் பணம் கிடைப்பது அரிது, விலை தாழும். அத்தாழ்ந்த விலை அடுத்த மதிப்பீட்டிற்குச் சான்றாகிறது. நேற்றைய விலக்கல் இன்றைய சந்தை நிலவரமாக மாறிவிடுகிறது.

கறுப்பினத்தவர் குடியேறினால் விலை சரியும் என்னும் 'விதி' மெய்யா என்பதும் சோதிக்கப்பட்டது. லாரெண்டி என்னும் ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, பிலடெல்பியா ஆகிய நகரங்களின் விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். அவர் ஒப்பிட்ட இடங்களில் பெரும்பாலானவற்றில் விலை நிலையாக இருந்தது அல்லது உயர்ந்தது. இச்சான்று வெளிவந்த பின்னரும் பழைய கோட்பாடு தொழில்முறைப் பாடநூல்களில் நீடித்தது.

சட்டமும் எச்சமும்

இனக் கட்டுப்பாட்டுப் பத்திரங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968ஆம் ஆண்டின் நியாய வீடமைப்புச் சட்டம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டில் நீதித்துறை வழக்குத் தொடுத்த பின்னரே, மதிப்பீட்டாளர் கழகம் தன் பாடநூல்களைத் திருத்த உடன்பட்டது. 1977ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது.

இதன் எச்சத்தை இரு ஆய்வுகள் காட்டுகின்றன. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் வட்டாரங்களின் வீடுகள், அவர்கள் மிகக் குறைவாக வாழும் வட்டாரங்களில் ஒத்த தரமும் வசதியும் கொண்ட வீடுகளைவிட 23 விழுக்காடு குறைந்த மதிப்புப் பெறுகின்றன எனப் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டில் கணக்கிட்டது. 2021ஆம் ஆண்டில் பிரெட்டி மேக் நிறுவனம் மதிப்பீட்டு அறிக்கைகளையே ஆராய்ந்தது. மதிப்பீடு ஒப்பந்த விலைக்குக் கீழே அமைந்தது வெள்ளையர் வட்டாரங்களில் 7.4 விழுக்காடு, கறுப்பினத்தவர் வட்டாரங்களில் 12.5 விழுக்காடு; லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வட்டாரங்களில் 15.4 விழுக்காடு. இவ்வேறுபாட்டிற்கு இனத்தைவிட வருமானமும் சமூக நிலையுமே காரணம் என வாதிடுவோரும் உளர். ஆனால், அவ்வருமான வேறுபாட்டிலும் வீட்டுக் கடன் மறுப்பின் வரலாறு கலந்துள்ளது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

முடிவுரை

நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றிற்கு வீடே முதன்மைச் சேமிப்பு. பிள்ளைகளின் உயர்கல்விக்கும் முதுமைக்கும் அதுவே கைகொடுக்கிறது. மேலும், அமெரிக்காவில் பள்ளிகளின் நிதியில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டின் மதிப்பு வகுப்பறையையும் தொடுகிறது.

வரலாறு கற்பிப்போர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. ஒரு கடிதத்தையோ நாட்குறிப்பையோ சான்றாகக் கொள்ளும்போது, அதை எழுதியவர் யார், எந்நோக்கில் எழுதினார் என வினவ மாணவர்களைப் பழக்குகிறோம். எண்களை மட்டும் அவ்வினாவுக்கு உட்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். மதிப்பீட்டு அறிக்கையின் ஒற்றை எண்ணையும் ஒரு வரலாற்று ஆவணமாகக் கொண்டு, அது எவற்றோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது, அந்த ஒப்பீட்டு விலைகள் எவ்வாறு உருவாயின என வினவக் கற்பிப்பது நம் கடமையாகும்.