எல்லைக்கு இப்புறமிருந்து நேசமணி

நாகர்கோவில் கோர்ட்டில் அந்தக் காலத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. புதிதாக வந்த அ. நேசமணி முக்காலியை எட்டி உதைத்துவிட்டு, மறுநாள் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார் என்பார்கள். எல்லைக்கு இப்புறம், கேரளத்துப் பாறசாலையில் பிறந்த எனக்கு இதைச் சொன்னவர் என் தாத்தா. சொல்லும்போதெல்லாம் அந்த உதையை ஒருமுறை காலால் செய்தும் காட்டுவார்.

நேசமணி 1895இல் பள்ளியாடியில் பிறந்தவர். வக்கீல் சங்கம், நாகர்கோவில் நகரசபைத் தலைவர் பதவி, ஸ்ரீமூலம் சபை என்று பொதுவாழ்வில் மேலே வந்தார். சொத்தும் வரியும் உள்ளவர்களே ஓட்டுப் போட்ட சபை அது. 1948இல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்ததும் அவருடைய கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 120 இடங்களில் 14ஐப் பிடித்தது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்பதே அந்தக் கட்சியின் ஒரே கோரிக்கை.

அவருடைய அரசியலில் நான் மிகவும் மதிப்பது மேடைப் பேச்சை அல்ல, சட்டசபைக் கணக்கை. 1952இல் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபையில் கட்சிக்கு எட்டே இடங்கள். ஆனால் அந்த எட்டுப் பேரின் ஆதரவில்தான் ஏ. ஜே. ஜான் மந்திரிசபை நின்றது. அவர்கள் விலகியதும் 1953இல் விழுந்தது. 1954 தேர்தலில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பட்டம் தாணுப்பிள்ளை முதல்வரானார். தேவிகுளம், பீர்மேடு பகுதித் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தடையை மீறி மூணாறு போன நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பட்டத்தின் கட்சித் தலைவர்களில் ஒருவரும் அப்போது சிறையில் இருந்தவருமான ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் மந்திரிசபையே ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். பட்டம் கேட்கவில்லை. 1955 பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரஸ் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அந்த மந்திரிசபையும் போயிற்று. சின்னஞ்சிறு கட்சி இரண்டு அரசுகளைக் கீழே இறக்கியிருக்கிறது!

மாநில எல்லைகளை மறுசீரமைக்க அமைந்த பஸல் அலி ஆணையம் தாலுகா தாலுகாவாக மொழிக் கணக்குப் பார்த்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின, செங்கோட்டையும் போயிற்று. கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கிடைக்கவில்லை. தாலுகா முழுவதையும் எடுத்தால் மலையாளம் பேசுகிறவர்களே அதிகம். அதனால் கிழக்கு ஓரத்துக் கிராமங்களின் வீட்டுத் தமிழ் கணக்கில் தேறவில்லை. களியக்காவிளையில் கோடு விழுந்தது. அடுத்த ஊரான இஞ்சிவிளை கேரளம். என் பாட்டியின் அண்ணன் வீடு அப்புறம், பாட்டி இப்புறம். கிராமத்தை அலகாக வைத்திருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும் என்பதே என் உறுதியான எண்ணம்.

1957இல் நேசமணி கிள்ளியூரில் போட்டியின்றிச் சென்னைச் சட்டசபைக்குத் தேர்வானார். அதே ஆண்டு பாறசாலை, சுயேச்சையாக நின்ற எம். குஞ்ஞுகிருஷ்ணன் நாடாரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியது. எங்கள் ஊர்க்காரர்கள் புதிய மாநிலத்தில் தங்களுக்கென்று ஆள் தேடிக்கொண்டார்கள். நேசமணி பிறகு மக்களவைக்குப் போய், 1968 ஜூன் 1 அன்று உறுப்பினராக இருக்கும்போதே காலமானார். நாகர்கோவிலில் அடுத்து நடந்த இடைத்தேர்தலில்தான் காமராஜர் ஜெயித்தார். எண்பதுகளில் நேசமணி பெயரைத் தாங்கிய தமிழ்நாட்டுப் பேருந்துகள் பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் போகும். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த என் கூட்டாளிகளுக்கு அந்தத் தமிழ் எழுத்தை வாசித்துச் சொல்வது என் வேலை.

கோடு பிரித்த பிறகும் தண்ணீர் ஒன்றாகவே ஓடியது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் இப்புறமிருந்து விளவங்கோட்டின் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாய்ந்தது. 2004இல் கேரளம் அதை நிறுத்தியது. ஏலாக்களில், அதாவது வயல்வெளிகளில், நெல் போய் வாழையும் ரப்பரும் வந்தன. கேரளத்தின் ஓட்டர்தான் நான். ஆனாலும் இது அநியாயம் என்றே சொல்வேன். இரண்டு சட்டசபைகளிலும் எல்லைத் தொகுதிக்காரர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய காரியம் இது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.