கிள்ளான் துறைமுகத்துச் சுழியமும் துருவத்துப் பனியும்



ஒரு மலையின் உயரம் இத்தனை மீட்டர் என்று பாடநூல் கூறும்பொழுது, "எங்கிருந்து அளந்தார்கள் ஐயா?" என்று மாணவர் கேட்பதுண்டு. கடல்மட்டத்திலிருந்து என்று விடை கூறுவோம். ஆனால் கடலோ நாள்தோறும் ஏறி இறங்குகிறது. எந்த இடத்துக் கடல்? எந்த வேளைக் கடல்? இவ்வினாவுக்குரிய விடை நமக்கு மிக அருகில், கிள்ளான் துறைமுகத்தில் இருக்கிறது.

1901ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்னும் பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்ட அத்துறையில், 1911க்கும் 1912க்கும் இடையே ஆங்கிலேயர் சில மாதங்கள் கடலின் ஏற்ற இறக்கத்தை அளந்தனர். அவற்றின் சராசரியே சுழியம் எனக் கொள்ளப்பட்டது. பின்னர் நம் நாட்டு நில அளவைத் துறையினர் அதே துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்து, புதிய சுழியத்தை நிறுவினர். தீபகற்ப மலேசியாவின் உயரங்கள் அனைத்தும் இச்சுழியத்தின் மேல்தான் நிற்கின்றன.

அந்தச் சுழியம் நிலையானதா? வரலாறு அன்று என்கிறது. கடல்மட்டத்தைப் பெருமளவில் ஏற்றுவதும் இறக்குவதும், நம் மாணவர் எவரும் கண்டிராத துருவப் பனிப்பாளங்களே ஆகும்.

கடல் கொண்ட நிலம்

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் பெரும் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. அவ்வளவு நீர் நிலத்தின்மேல் உறைந்து கிடந்ததால், கடல் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை அன்று தரையாக இருந்தது. மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய நான்கும் சுண்டா என்னும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. தமிழகமும் ஈழமும் நிலத்தால் பிணைந்திருந்தன.

பின்னர்ப் பனி உருகியது. எவ்வளவு விரைவாக? தென்சீனக் கடலடியில் மூழ்கியுள்ள சுண்டாத் திட்டிலிருந்து எடுக்கப்பட்ட படிவுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன், முந்நூறு ஆண்டுகளுக்குள் கடல் 16 மீட்டர் உயர்ந்தது என்பதே அம்முடிவு. ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல்! பனிப்பாளம் சிறிது சிறிதாக மட்டுமே கரையும் என்னும் எண்ணத்தை நம் பகுதிக் கடலடி மண்ணே மறுக்கிறது.

ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் கடல் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்தும் நின்றது. கிள்ளான் கரையோரத்தில் தோண்டினால் கிடைக்கும் கடற்களிமண் அக்காலங்களின் எச்சமாகும்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இங்கு ஒரு பொறுப்பு உண்டு. இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் செய்தியை நாம் வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆயினும், 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் முன்மொழிந்த இலெமூரியாக் கண்டத்தை நிலவியல் பின்னர்க் கைவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல் உண்மையில் விழுங்கியவை கரையோரத் தாழ்நிலங்கள். அவ்வுண்மையே போதிய வியப்புடையது. கண்டம் ஒன்றைக் கற்பிக்கத் தேவையில்லை.

மாறிவந்த எண்கள்

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றின் முடிவில் தந்தை ஒருவர் என்னிடம், "கடல் எவ்வளவு உயரும் என்பதில் அறிவியலாளர்கள் ஆளுக்கோர் எண்ணைச் சொல்கிறார்களே, எதை நம்புவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவ்வெண்களின் வரலாற்றைப் பார்த்தால்தான் விடை புலப்படும்.

1978இல் ஜான் மெர்சர் என்னும் பனியியலார் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மேற்கு அண்டார்டிக்காவின் பனிப்பாளம், கடல்மட்டத்துக்குக் கீழேயுள்ள தரையின்மேல் அமர்ந்திருக்கிறது. புவி வெப்பமுற்றால் அது நிலைகுலைந்து, கடலை ஐந்து மீட்டர் அளவுக்கு உயர்த்தக்கூடும் என்றார். அன்று பலர் அதை மிகையெனக் கருதினர்.

ஐக்கிய நாட்டு அமைப்பின் துணையோடு 1988இல் அமைந்த பருவநிலை மாற்றக் குழு, 1990இல் தன் முதல் அறிக்கையில், வெளியேற்றம் கட்டுப்படுத்தப்படாவிடில் 2100க்குள் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் என்றது. 2001இல் 9 முதல் 88 வரை என்றது. 2007இல் 18 முதல் 59 வரை என்றது. எண் குறைந்துவிட்டதே என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் பனிப்பாளங்களின் ஓட்டம் விரைவடைந்தால் நேரக்கூடியதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அவ்வறிக்கையே கூறியிருந்தது. 2021இல் வெளிவந்த ஆறாம் அறிக்கை, வெளியேற்றத்தைப் பொறுத்து ஏறத்தாழ 28 முதல் 101 சென்டிமீட்டர் வரை என்றது. வாய்ப்பு குறைவே எனினும், இரண்டு மீட்டரை நெருங்குவதையும் மறுக்க இயலாது என்றது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? வெப்பத்தால் கடல்நீர் விரிவடைவதை ஓரளவு துல்லியமாகக் கணக்கிடலாம். பனிப்பாளம் அவ்வாறன்று. அதன் முகப்பில் கடலில் மிதக்கும் பனித்தட்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்ததுபோல் பின்னாலுள்ள பனியைத் தடுத்து நிற்கிறது. 2002இல் லார்சன் பி என்னும் பனித்தட்டு, ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர் பரப்புடையது, சில வாரங்களில் நொறுங்கியது. அதன் பின்னிருந்த பனியாறுகள் வேகமெடுத்தன. முட்டு எப்பொழுது உடையும் என்பதே கணக்குக்கு எளிதில் அடங்காதது.

ஆகவே எண்கள் மாறியது ஊசலாட்டத்தால் அன்று, அளவை வளர்ந்ததால். 2002 முதல் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையைக் கொண்டு பனியை எடைபோட்டு வருகின்றன. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி டன் பனியை இழந்து வந்துள்ளது. 36,000 கோடி டன் உருகினால் உலகக் கடல் ஒரு மில்லிமீட்டர் உயரும். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் ஏழு மீட்டருக்கு மேல். அண்டார்டிக்கா முழுவதும் என்றால் ஏறத்தாழ 58 மீட்டர். அதற்குப் பல நூற்றாண்டுகளோ ஆயிரமாண்டுகளோ ஆகும். எனினும் அதன் ஒரு சிறு பங்கே கிள்ளானுக்குப் போதும்.

கிள்ளானில் என்ன நேரும்?

தொலைவில் உள்ளோம் என்பது நமக்குப் பாதுகாப்பு அன்று. பேரெடையுள்ள பனிப்பாளம் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் இழுப்புத் தளர்ந்து நீர் அப்பால் நகரும். அதனால் துருவப் பனி உருகும்பொழுது, நிலநடுக்கோட்டை அடுத்த பகுதிகளில் கடல் உலகச் சராசரியைவிடச் சற்று மிகுதியாகவே உயரும்.

கிள்ளான், காப்பார், கேரித் தீவு ஆகிய இடங்களின் கரையோரத் தோட்டங்கள் பல, சதுப்புநிலத்தில் மண்கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி உருவானவை. தமிழரும் ஜாவாவினரும் சீனரும் சேற்றில் நின்று உழைத்த உழைப்பு அது. வடிக்கப்பட்ட களிமண் காலப்போக்கில் இறுகித் தாழும். கடல் வற்றும் வேளையில் மதகைத் திறந்து மழைநீரை வெளியேற்றுவர், பெருக்கின்போது மூடுவர். கடல்மட்டம் உயர உயர, மதகு திறந்திருக்கும் நேரம் குறையும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது மழைவெள்ளமே. அதைக் கடல்மட்ட உயர்வின் கணக்கில் எழுதுதல் பிழை. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் வழியாக ஓடிவரும் கிள்ளான் ஆறு இறுதியில் சேரவேண்டியது அக்கடலில்தான். சேருமிடம் உயர்ந்தால் ஆறு வடிவது தாமதமாகும்.

1982இல் அண்டார்டிக்கா சில நாடுகளுக்கு மட்டும் உரியதன்று என்று ஐக்கிய நாட்டு மன்றத்தில் நம் பிரதமர் மகாதீர் குரலெழுப்பினார். 2011இல் மலேசியா அண்டார்டிக்கா ஒப்பந்தத்தில் இணைந்தது. அப்பனி நமக்கும் உரியது என்றால், அதன் நீரும் நமக்கு உரியதே!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு குவளைகளில் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றில் பனிக்கட்டியை மிதக்க விடுங்கள். மற்றொன்றில் நீருக்கு மேல் நீட்டி நிற்கும் கல்லின்மேல் பனிக்கட்டியை வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, பனி உருகிய பின் எதில் நீர் ஏறியுள்ளது என்று மாணவரையே அளக்கச் சொல்லுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு கணக்கு. இன்று முதலாம் ஆண்டில் பயிலும் குழந்தை 2100ஆம் ஆண்டில் எண்பது வயதைக் கடந்திருக்கும். அறிக்கைகள் குறிப்பிடும் அந்த ஆண்டு, நம் வகுப்பறையில் அமர்ந்திருப்போர் காணக்கூடிய ஆண்டே ஆகும்.