மேய்ச்சல் நாட்காட்டியும் நடைவழியும்: இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் குறித்த ஒரு நிலவரலாற்று ஆய்வு

முன்னுரை

இங்கிலாந்தின் தென்பகுதியில், சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது நியூ ஃபாரஸ்ட். 2005இல் தேசியப் பூங்காவான இப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 570 சதுர கிலோமீட்டர். இங்கே இருவகை நிலங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று ஹீத்: சத்தற்ற அமில மண்ணில் ஹெதர் என்னும் குறும்புதரும் கோர்ஸ் என்னும் மஞ்சள்பூ முட்செடியும் மண்டிய, மரம் அரிதான வெளி. மற்றொன்று ஓக், பீச், ஹாலி மரங்கள் நிற்கும் பழங்காடு. பருவந்தோறும் இவ்விரண்டின் ஊடாகவும் நடந்து வருவோர் பலர். மனிதக் கை படாத இயற்கை என்றே இதைப் பலரும் எண்ணுகின்றனர். அவர்கள் ரசிக்கும் நிலமும் பருவக் காட்சிகளும் மேய்ச்சலும் சட்டமும் சேர்ந்து ஆக்கியவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹீத்தின் தோற்றம்

ஹீத் இயற்கையாகவே தோன்றிய வறண்ட வெளி என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. பிரித்தானிய ஹீத்துகளின் மண் குறித்து ஜி. டபிள்யூ. டிம்பிள்பி 1962இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. வெண்கலக் காலப் புதைமேடுகளின் அடியில் சிக்கிய பழைய மண்ணிலிருந்த மகரந்தத் துகள்களை அவர் ஆராய்ந்தார். இன்று ஹெதர் படர்ந்த இடங்கள் பலவற்றில் முன்பு மரங்கள் நின்றதை அவை காட்டின. மக்கள் மரங்களை அழித்து, தீயிட்டு, கால்நடைகளை மேய்த்தனர். மழைநீர் சத்துகளை அடியில் இறக்க, மண் அமிலத்தன்மை அடைந்து ஹெதருக்கு ஏற்றதாயிற்று. மேய்ச்சலும் தீயும் நின்றால் பிர்ச்சும் பைனும் முளைத்து அந்நிலம் மீண்டும் காடாகும்.

அரசரின் வேட்டையும் பருவத் தடைகளும்

1079 அளவில் முதலாம் வில்லியம் இப்பகுதியைத் தம் வேட்டைநிலமாக்கினார். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டில் இதன் பெயர் உள்ளது. மானும் மானுக்கான தழையும் அரசருக்கு உரியவை ஆயின. ஆயினும் குடிகளின் மேய்ச்சல் அறவே ஒழிக்கப்படவில்லை. மூன்றாம் ஹென்றியின் பெயரால் 1217இல் வெளியான வனச் சாசனம் பொதுநில உரிமைகளுக்கு எழுத்து வடிவம் தந்தது. மானைக் கொன்றவருக்கு உயிரையோ உறுப்பையோ பறிக்கும் தண்டனை கூடாது என்றும் அது விதித்தது.

வன வழக்கில் இரண்டு பருவத் தடைகள் இருந்தன. மான்கள் குட்டி ஈனும் நடுக்கோடையில் ஏறத்தாழ ஒரு மாதம் கால்நடைகளை உள்ளே விடக்கூடாது. தழை அருகும் குளிர்காலத்திலும், நவம்பர் பிற்பகுதி முதல் மே தொடக்கம் வரை, அவற்றுக்கு இடமில்லை. நடைமுறையில் இவை பெரும்பாலும் தளர்வாகவே இருந்தன. எனினும் நிலத்தை எவர், எப்போது பயன்படுத்தலாம் என்பதைப் பருவம் தீர்மானிக்கும் முறைக்கு இவையே அடித்தளம்.

கப்பல் மரமும் வேலியும்

17ஆம் நூற்றாண்டில் அரசின் அக்கறை மானிலிருந்து மரத்துக்கு மாறியது. கடற்படைக்கு ஓக் தேவைப்பட்டது. 1698ஆம் ஆண்டுச் சட்டம் 2,000 ஏக்கரை உடனேயும், பின்னர் 20 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 200 ஏக்கரையும் வேலியிட்டு மரம் வளர்க்க வழிசெய்தது. விலங்குக்கு எட்டாத உயரத்தில் மரத்தை வெட்டித் துளிர்க்கவிடும் வழக்கத்தையும் அது தடுத்தது. அவ்வாறு வெட்டப்பட்டுப் பருத்துக் கிளைத்து நிற்கும் மிக முதிய மரங்கள் பெரும்பாலும் அத்தடைக்கு முற்பட்டவை எனக் கருதப்படுகின்றன. நெல்சனின் கப்பலாகப் புகழ்பெற்ற அகமெம்னான் இங்குள்ள பக்லர்ஸ் ஹார்டில் 1781இல் நீரில் இறக்கப்பட்டது.

1851ஆம் ஆண்டுச் சட்டம் மேய்ச்சல்காரருக்கும் அரசுக்கும் இடையிலான பகையைக் கூர்மையாக்கியது. இரண்டு ஆண்டுகளில் மான்களை அகற்றுவதாக அரசு ஒப்புக்கொண்டது. ஈடாக மேலும் 10,000 ஏக்கர் வரை வேலியடைக்கும் அதிகாரத்தைப் பெற்றது. விளைவுகள் இரண்டு. நல்ல மேய்ச்சல்நிலம் வேலிக்குள் போனது. வேலிக்கு வெளியே மான் குறைந்ததால் இளங்கன்றுகள் பிழைத்தன. பழங்காட்டு மரங்களின் வயதை ஆராய்ந்து ஜி. எஃப். பீட்டர்கனும் சி. ஆர். டப்ஸும் 1965இல் வெளியிட்ட கட்டுரை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஒரு மரத்தலைமுறை ஒருசேர எழுந்ததைக் காட்டியது. நாடாளுமன்றச் சட்டத்தின் தடம் இவ்வாறு மரத்தின் வளையங்களில் பதிந்துள்ளது.

நடப்போர் வருகை

ரசனைக்காகக் காட்டுக்குள் செல்லும் வழக்கத்துக்கு எழுத்தில் வித்திட்டவர் வில்லியம் கில்பின். 1777 முதல் இங்குள்ள போல்டர் ஊரின் பாதிரியாராக இருந்த அவர், காட்டின் அழகை ஓவியக் கண்ணோடு விவரிக்கும் நூலை 1791இல் வெளியிட்டார். 1847இல் ரயில்பாதை வந்ததும் நகரவாசிகள் எளிதில் வரலாயினர். ஜான் வைஸ் எழுதிய வரலாற்று நூல் 1863இல் வால்டர் கிரேனின் படங்களுடன் வெளிவந்தது.

1865இல் தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் இந்த ரசிகர்களை மேய்ச்சல்காரர்களோடு இணைத்தது. சங்கத்தின் முன்னணியில் இருந்த ஹென்றி ஃபாசெட் பார்வையிழந்த பொருளியலறிஞர். இந்திய நிதி விவகாரங்களை ஓயாது எழுப்பியதால் 'இந்தியாவின் உறுப்பினர்' என அழைக்கப்பட்டவர். 1871இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, புதுச் சட்டம் வரும்வரை இங்கே பழைய மரங்களை வெட்டுவதை நாடாளுமன்றம் நிறுத்திவைத்தது. 1877ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வேலியடைப்புகளுக்கு முடிவுகட்டி, பழங்காட்டைக் காக்கச் சொல்லி, பழைய வன நீதிமன்றமான வெர்டரர் மன்றத்தை மேய்ச்சல்காரர் நலன்காக்கும் அமைப்பாக மாற்றியது.

வடக்கே கிண்டர் ஸ்கௌட்டில் நிலைமை வேறு. அந்த ஹெதர் மேடு பறவை வேட்டைக்காக மூடப்பட்டிருந்தது. 1932இல் மக்கள் திரளாக அத்துமீறி நுழைந்தனர், சிலர் சிறை சென்றனர். மேடுகளிலும் ஹீத்துகளிலும் நடக்கும் உரிமை இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் சட்டமானது 2000இல்தான். நியூ ஃபாரஸ்டில் நிலம் திறந்தே கிடந்தது மேய்ச்சல் உரிமையால். நடப்பவர் அத்திறப்பின் பயனாளி.

பருவங்களின் பொருள்

இன்றைய பருவக் காட்சிகளும் இதையே மெய்ப்பிக்கின்றன. குளிர்காலத்தில் மட்டக்குதிரைகள் கோர்ஸையும் ஹாலியையும் கடிக்கின்றன. முதிர்ந்த ஹெதரைப் பகுதி பகுதியாகத் தீயிட்டு இளந்துளிருக்கு இடம் செய்கின்றனர். ஆகஸ்டில் ஹீத்தை ஊதாவாக்கும் பூப்பு, அந்தத் தீயும் மேய்ச்சலும் தடைபடாததன் பலன். இலையுதிர் காலத்தில் பன்றிகளை அவிழ்த்துவிடுவது காட்சிக்காக அன்று: பச்சை ஓக் விதை குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு, பன்றி அதைத் தின்று தீர்க்கும். அப்பருவத்திலேயே குதிரைகளை வளைத்துப் பிடித்து, கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமாக வாலின் மயிரைக் கத்தரிக்கின்றனர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. மேய்ச்சல் மிகுந்த திறந்த காட்டில் வசந்தகாலத் தரைப்பூக்கள் குறைவு. நீலமணிப் பூக்கள் செழித்துப் பரவுவது விலங்கு நுழையாத இடங்களில். ஹீத்தின் பறவைகளுக்கும் பூக்காட்டுக்கும் ஒரே மேய்ச்சல் ஒருங்கே பொருந்துவதில்லை.

முடிவுரை

மார்ச் முதல் ஜூலை வரை தரையில் கூடுகட்டும் பக்கி போன்ற பறவைகளுக்காக, முதன்மைப் பாதையை விட்டு விலக வேண்டாமென்று நடப்போர் இன்று கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். இதைப் புதிய கெடுபிடி என்று சலித்துக்கொள்வோர் உண்டு. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. மான் ஈனும் மாதத்தில் மாட்டை விலக்கிய வழக்கமும், குஞ்சு பொரிக்கும் மாதங்களில் மனிதரை விலக்கும் வேண்டுகோளும் ஒரே தன்மையன. வேறுபாடு, முன்னது அரசரின் வேட்டையைக் காத்தது, பின்னது பொதுச் செல்வத்தைக் காக்கிறது என்பதே. மேய்ச்சல்காரர், அரசர், கடற்படை என வரிசையாக வந்தோரில் கடைசியாக வந்தவர் நடப்பவர். முன்னவர் எவரும் ஆண்டு முழுதும் கட்டின்றி ஆண்டிராத நிலத்தில், அவருக்கு மட்டும் பருவ விதிவிலக்கு கேட்க வரலாற்றில் இடமில்லை.