டீசல் குச்சியிலிருந்து சென்சார் வரை



நாமக்கல் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவனுக்கு லாரியைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது. என்னிடம் படித்தவர்களில் ஓட்டுநர், மெக்கானிக், பாடி கட்டுபவர், வண்டி முதலாளி என எல்லாரும் உண்டு. அதனால் இன்று டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவியின் வரலாறு.

முதலில் இருந்தது குச்சிதான். 1908இல் வந்த போர்டு 'மாடல் டி' காரில் பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டைத் தூக்கிக் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் தானாகவே இறங்கி என்ஜினுக்குப் போகும் அமைப்பு. ஆகவே பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில்தான் ஏறுவார்களாம்! 1927 கடைசியில் வந்த 'மாடல் ஏ'யில் டேங்கைக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். உள்ளே மிதக்கும் மிதவையே டாஷ்போர்டில் அளவைக் காட்டியது. ஒயரே தேவைப்படவில்லை.

லாரிக்கு அது ஒத்துவராது. டேங்க் வெளியே சேஸிஸ் ஓரத்தில், ஓட்டுநர் உள்ளே கேபினில். செய்தியை ஒயரில்தான் அனுப்பியாக வேண்டும். அதற்காக வந்ததே நம் மெக்கானிக்குகள் 'டேங்க் யூனிட்' என்று சொல்லும் சாமான். மிதவை ஏறி இறங்கும்போது அதன் கை ஒரு மின்தடைக் கம்பிச் சுருளின் மேல் நகரும், தடை மாறும், மீட்டர் முள் அசையும். ஓம் 1827இல் வெளியிட்ட விதிதான், வேறொன்றுமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்க வழக்கப்படி டேங்க் காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய வழக்கில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்றின் மீட்டரோடு இன்னொன்றின் யூனிட்டை மாட்டினால், காலி டேங்க் நிறைந்ததாகக் காட்டும்! யூனிட் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள்.

முள் அசையாவிட்டால் உடனே யூனிட்டைக் கழற்றிப் போடாதீர்கள். அதற்கு வரும் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு சேஸிஸில் தொட்டுப் பாருங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் மீட்டரும் ஒயரும் சரி. கோளாறு யூனிட்டில், அல்லது அதன் எர்த்தில். துருவும் பெயின்ட்டும் எர்த்தைக் கெடுப்பதுதான் அதிகம். எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டினாலே பல வண்டிகளில் மீட்டர் உயிர் பெற்றுவிடும்.

கம்பிச் சுருள் உரசி உரசித் தேயும். அதற்கு மாற்றாக வந்தது ரீட் ஸ்விட்ச். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. குழாய்க்குள் வரிசையாக ஸ்விட்சுகள், வெளியே காந்தம் வைத்த மிதவை. உரசல் இல்லை. ஆனால் அளவு படிப்படியாகத்தான் மாறும்.

இப்போது ஜிபிஎஸ் கருவியோடு மாட்டுவதில் பலவும் மின்தேக்கு சென்சார். இதற்கு வேர் பாரடே 1837 வாக்கில் செய்த சோதனைகள். இரண்டு குழாய்களுக்கு நடுவே காற்றிருந்தால் ஓர் அளவு, டீசல் இருந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தண்ணீருக்கோ 80 மடங்கு; ஆகவே டேங்கில் நீர் இறங்கினால் கணக்கே தப்பிவிடும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. ஓட்டுநராக இருக்கும் என் மாணவர் ஒருவருக்கு, இரவில் நின்ற வண்டியில் 10 லிட்டர் குறைந்தது என்று முதலாளி பணம் பிடித்துவிட்டார். "சார், நான் ஒரு சொட்டுக்கூட எடுக்கலைங்க" என்றார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். 300 லிட்டர் டேங்க், உயரம் 60 செ.மீ. அதாவது ஒரு செ.மீ.க்கு 5 லிட்டர். சென்சார் டேங்கின் நடுவிலிருந்து 40 செ.மீ. முன்னால் தள்ளியிருந்தது. வண்டி நின்ற இடம் 100 அடிக்கு 5 அடி ஏற்றம். டீசல் பின்னால் சாயும். சென்சார் இருக்கும் இடத்தில் 2 செ.மீ. இறங்கும். 2 × 5 = 10 லிட்டர். காலையில் சமதளத்துக்கு வந்ததும் அதே 10 லிட்டர் ஏறியிருக்கிறது! திருடிய டீசல் காலையில் தானாகத் திரும்பி வருமா? முதலாளி இரவு வரியை மட்டும் பார்த்திருக்கிறார். பிடித்த பணம் திரும்பக் கிடைத்தது. மாணவர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

குளிரிலும் டீசல் சுருங்கும். 300 லிட்டர், 15 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ மூன்றரை லிட்டர்.

ஆகவே முதலாளிகளாக இருக்கும் மாணவர்களே, சென்சாரை டேங்கின் நடுவில் மாட்டச் சொல்லுங்கள். அடியில் சேறு படியும். குழாய் தரையைத் தொடாமல் இடைவெளி விடுங்கள். காலி டேங்கில் 20, 20 லிட்டராக ஊற்றி அளவைப் பதிவு செய்யுங்கள். அரை நாள் வேலைதான்.

பழைய கம்பிச் சுருள் யூனிட் யாரிடமாவது கிடந்தால் காயலான் கடைக்குப் போடாமல் எனக்குக் கொடுங்கள். பேத்திக்குப் பிரித்துக் காட்ட வேண்டும்.