பம்பாயின் கான்கிரீட் சால்கள்

மும்பையின் வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 1920-களில் எழுந்த 207 கட்டடங்களே பி.டி.டி. சால்கள், அதாவது ஒற்றை அறை வீடுகளைக் கொண்ட அடுக்குக் கட்டடங்கள். ஆலைத் தொழிலாளர்களுக்காக இந்தியாவில் இரும்புக்கம்பி கான்கிரீட்டால் பெருமளவில் கட்டப்பட்ட தொடக்ககாலக் குடியிருப்புகளுள் இவை முக்கியமானவை. போர்பந்தரில் சிமென்ட் உற்பத்தி 1914-ல்தான் தொடங்கியது. கான்கிரீட் அன்று அவ்வளவு புதிது.

முதல் உலகப்போர்க் காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகள் செழித்தன. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் ஒற்றை அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஆளுநர் ஜார்ஜ் லாயிட் 1920-ல் பம்பாய் வளர்ச்சித் துறையை (பி.டி.டி.) அமைத்தார். எட்டு ஆண்டுகளில் 50,000 வீடுகள் கட்டுவது இலக்கு. அதற்காக நகருக்குள் வரும் பருத்திப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் வரி விதிக்கப்பட்டது.

குறைந்த காலத்தில் நிறைய வீடுகள் வேண்டியிருந்ததால் ஒரே வரைபடம் எல்லா இடங்களிலும் பின்பற்றப்பட்டது. தரைத்தளமும் மூன்று மாடிகளும். நடுவே நீண்ட நடைவழி, இருபுறமும் அறைகள். தளத்துக்கு 20 வீதம் கட்டடத்துக்கு 80 அறைகள். ஓர் அறை 160 சதுர அடி. கழிப்பறை எல்லோருக்கும் பொது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் சாய்தட்டுகள் பதிக்கப்பட்டன. அவற்றால் மழைச்சாரலையும் தடுக்க முடியவில்லை, குடும்பத்துக்கு மறைவும் கிடைக்கவில்லை.

குடியிருக்கப் போகிறவர்களின் தேவையைக் கேளாமல் கட்டியதன் விளைவு விரைவில் தெரிந்தது. வாடகை கட்டுப்படியாகவில்லை, வொர்லியோ ஆலைகளிலிருந்து தள்ளியிருந்தது, அருகில் சந்தையும் இல்லை. ஆயிரக்கணக்கான அறைகள் காலியாகக் கிடந்தன. சுமார் 16,000 அறைகளோடு திட்டம் நின்றது. 1930-களின் சட்டமறுப்பு இயக்கத்தில் கைதானவர்களை அடைக்கும் சிறையாகவும் வொர்லிக் கட்டடங்கள் பயன்பட்டன.

பின்னாளில் மக்கள்தொகை பெருகியபோது சால்கள் நிரம்பின. ஆலைத் தொழிலாளர், துறைமுகத்தினர், காவலர் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. தொழிற்சங்கமும் அம்பேத்கர் இயக்கமும் அந்த நடைவழிகளில் வேரூன்றின; 1974-ல் வொர்லிக் கலவரத்தின்போது தலித் பேந்தர்கள் இயக்கத்தினர் அங்கு தீவிரமாகச் செயல்பட்டனர். 1982-ல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிழைப்பு மாறியபோதும் குடும்பங்கள் அதே அறைகளில் தொடர்ந்தன.

நூற்றாண்டை நெருங்கிய கான்கிரீட் சிதையத் தொடங்கவே, மகாராஷ்டிர அரசு மறுகட்டுமானத்தை மேற்கொண்டது. வொர்லியில் 2021-ல் பணி தொடங்கியது. பழைய குடித்தனக்காரர்களுக்கு அதே இடத்தில் 500 சதுர அடி வீடு என்பது திட்டம். 2025-ல் அங்கே முதல் தொகுதி வீடுகள் ஒப்படைக்கப்பட்டன.