சமரசத்தைச் சரிபார்ப்பவர் யார்?

ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி வழக்கை 20.24 கோடி ரூபாய் செலுத்தி முடித்துக்கொள்ள கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் இசைவு தந்தது. 2023 சட்டத் திருத்தம் திறந்துவிட்ட சமரச வழியில் முடிந்த முதல் வழக்கு இது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் நாட்டில் இவ்வழி தேவை என்றே கருதுகிறேன். ஆனால், புலனாய்வு செய்த அமைப்பும் புகாருக்குள்ளான நிறுவனமும் செய்துகொள்ளும் உடன்பாட்டை மூன்றாவதாக ஒருவர் பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவுக்கு இக்கேள்வி ஓர் ஊழலின் வழியாக வந்தது. ஐ.டி.டி. நிறுவனம் பிற நிறுவனங்களைக் கையகப்படுத்தியதற்கு எதிரான வழக்குகளை 1971-இல் நீதித் துறை சமரசத்தில் முடித்தது. குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு ஐ.டி.டி. தரப்பு நிதியுதவி செய்ய முன்வந்திருந்தது மறு ஆண்டு அம்பலமானது. வழக்கொன்றில் மேல்முறையீட்டைக் கைவிடுமாறு அதிபர் நிக்சனே உத்தரவிட்டதை அவருடைய ஒலிநாடாக்கள் காட்டிக்கொடுத்தன.

இதன் விளைவே, செனட்டர் டன்னியின் பெயரால் அறியப்படும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம். சமரச வரைவை அரசு 60 நாள்களுக்கு முன்பே வெளியிட வேண்டும். அதனால் சந்தையில் என்ன மாறும் என்று விளக்க வேண்டும். மக்கள் கருத்துகளுக்குப் பதில் தர வேண்டும். அதன் பிறகு, உடன்பாடு பொதுநலனுக்கு உகந்ததா என நீதிபதி முடிவுசெய்வார். சமரசம் தொடர்பாக அரசுத் தரப்பினரை யார் யார் சந்தித்துப் பேசினார்கள் என்பதை நிறுவனமே நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் இதில் கூர்மையான பிரிவு. வழக்கில் முன்னிலையாகும் வழக்கறிஞர்கள் தனியே நடத்தும் பேச்சுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நடைமுறையில் நீதிபதியின் கை அவ்வளவு நீளமில்லை. மைக்ரோசாஃப்ட் உடன்பாட்டை 1995-இல் நீதிபதி ஸ்போர்க்கின் ஏற்க மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்ததோடு, வழக்கையும் வேறு நீதிபதிக்கு மாற்றியது. மூன்றே ஆண்டுகளில் அரசு அதே நிறுவனத்தின் மீது இன்னும் பெரிய வழக்கைத் தொடுக்க வேண்டியிருந்தது!

நம் சட்டத்திலும் ஆட்சேபங்களுக்கு இடமுண்டு. ஆனால், அவற்றைக் கேட்டு முடிவெடுப்பதும் ஆணையமே. அந்த முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் வழியில்லை. இந்தத் தடையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அதுவரை, ஒவ்வொரு சமரசத்தின்போதும் யாரோடு யார் பேசினார்கள் என்ற பட்டியலையாவது ஆணையம் வெளியிடலாம்.